ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் பழைய நிறத்தோடு சேருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவில் உரசல், பம்பரில் கீறல், ஃபெண்டரில் நசுங்கல் என்று எதற்காக வந்தாலும் கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கலர் சேருமா?" கலர் கலக்கும் மேசைக்குப் பின்னாலும் ஸ்ப்ரே கன்னோடும் பல வருஷம் நின்றதில் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பின்னால் வருபவை முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

என் கார் வெள்ளை. வெள்ளை பெயிண்ட் வாங்கினா போதாதா?

போதாது. ஒரே கம்பெனியிலேயே நாலைந்து வெள்ளை இருக்கும். டொயோட்டாவில் 040 என்பது சாதாரண வெள்ளை, ஒரே நிறப் பூச்சு. 070 என்பது பேர்ல் வெள்ளை, அதற்கு அடிநிறம், அதன்மேல் முத்துப் பூச்சு, அப்புறம் கிளியர் எனப்படும் நிறமில்லாத மேல்பூச்சு என்று மூன்று அடுக்கு. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று சுண்ணாம்பு, மற்றொன்று சிப்பியின் உள்பக்கம்.

அதனால் முதலில் வேண்டியது கலர் கோடு, அதாவது அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்திருக்கும் குறியீடு. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், பானெட்டுக்கு உள்ளே, ஸ்டெப்னி வைக்கும் குழியில் என்று வண்டிக்கு வண்டி இடம் மாறும். சின்ன உலோகத் தகடாகவோ ஸ்டிக்கராகவோ இருக்கும். டொயோட்டாவில் "சி/டிஆர்" என்று போட்டிருக்கும் வரியில் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் இருப்பது வெளி நிறம், பின்னால் இருப்பது உள்ளே சீட், டிரிம் நிறம். ஹோண்டாவில் என்எச்578 மாதிரி எழுத்தும் எண்ணுமாக வரும். சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு "இதுதானே கலர் நம்பர்" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அது இல்லை.

கோடு சரியா குடுத்துத்தான் கலக்கினேன். அப்படியும் சேரலையே?

கலர் கோடு தெரு வரைக்கும் கொண்டுபோய் விடும். வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

ஒரே கோடு உள்ள நிறத்தை ஒரு கம்பெனி பல வருஷம், பல தொழிற்சாலைகளில், வேறு வேறு பெயிண்ட் தயாரிப்பாளர்களிடம் வாங்கி அடித்திருக்கும். ஒவ்வொன்றிலும் இம்மியளவு வித்தியாசம். அதனால்தான் பழுது வேலைக்கு பெயிண்ட் விற்கும் கம்பெனிகள் ஒரு கோடுக்கு ஒரே ஃபார்முலா கொடுப்பதில்லை. முதன்மை ஃபார்முலா ஒன்று, கூடவே "கொஞ்சம் மஞ்சள் தூக்கல்", "நீலம் தூக்கல்", "துகள் பெரிசு" என்று வேரியன்ட்கள். நிஜ பெயிண்டை அடித்த சின்ன அட்டைகளை விசிறி மாதிரி கோத்து வைத்திருப்பார்கள். அதை வண்டியின் மேல் வைத்து எது நெருக்கமோ அதை எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு கோடை மட்டும் டைப் செய்து கலக்குவதுதான் சேராமல் போவதற்கு நான் பார்த்த முதல் காரணம்.

வண்டி பழசு, பெயிண்ட் மங்கிப்போச்சு. அந்த மங்கலுக்கே கலர் கலக்கணுமா?

வேண்டாம். முதலில் பாலிஷ் போடுங்கள். பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்துப் பேனலில் (கதவு, ஃபெண்டர், பானெட் மாதிரி தனித்தனித் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பேனல்) ஒரு உள்ளங்கை அகலம் ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். அழுக்கும் பழைய மெழுகும் மேல்பூச்சின் சொரசொரப்பும் போனதும் கீழே இருப்பது பாதிப் புதுசாகவே இருக்கும். துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தால் அது கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு. நிறம் வராவிட்டால் பெரும்பாலும் மேலே கிளியர் இருக்கிறது என்று அர்த்தம்.

பாலிஷ் போட்ட பிறகும் மிஞ்சுவதுதான் உண்மையான வெளுப்பு. அதற்குத்தான் கலரைப் பொருத்த வேண்டும். ஆனால் வண்டி முழுக்க ஒரே மாதிரி வெளுக்காது. கூரையும் பானெட்டும் வெயிலை நேராக வாங்குகின்றன, கதவின் கீழ்ப்பகுதி வாங்குவதில்லை. அதனால் எந்தப் பேனலுக்குப் பக்கத்தில் அடிக்கிறோமோ அந்தப் பேனலோடுதான் ஒப்பிட வேண்டும். பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கலர் கலக்கக் கொண்டுபோவது வழக்கம். பின்பக்க வேலைக்கு அது சரி. முன் ஃபெண்டருக்கு அதை நம்புவது பாதி சரி. மூடியின் உள்பக்கத்தைக் காட்டிக் கலர் கலப்பது முழுத் தப்பு, அந்தப் பக்கம் வெயிலையே பார்த்ததில்லை.

டின்னுல ஒரு கலர், அடிச்சா ஒரு கலர், காஞ்சா ஒரு கலர். எதை நம்புறது?

காய்ந்ததை. அதுவும் கிளியர் அடித்துக் காய்ந்ததை. ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்தபின் தெரியும் நிறமும் ஒன்றில்லை. சாலிட் நிறங்கள், அதாவது மினுங்கும் துகள் கலக்காதவை, பெரும்பாலும் காயும்போது ஒரு படி கறுக்கும். மேலே கிளியர் ஏறியதும் நிறம் இன்னும் ஆழமாகும். கலக்கும் குச்சியைத் தூக்கி வண்டிமேல் பிடித்து "சரியா இருக்கு" என்று சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

செய்ய வேண்டியது டெஸ்ட் கார்டு. ஒரு உலோகத் தகடோ தடித்த அட்டையோ எடுத்து, வண்டிக்கு அடிக்கப்போகும் அதே கன், அதே அழுத்தம், அதே எண்ணிக்கை கோட்டிங்கில் அடிக்க வேண்டும். பாதியில் மட்டும் அல்ல, முழுக்கக் கிளியர் போட்டுக் காய வைக்க வேண்டும். கார்டின் நடுவில் ஒரு சின்ன துளை இருந்தால் நல்லது. வண்டிமேல் வைக்கும்போது துளை வழியாகப் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். துளை எங்கே என்று கண் தேட வேண்டியதாகிவிட்டால் வேலை முடிந்தது. கார்டைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதீர்கள், பேனலோடு ஒட்டிய மாதிரி அதே சாய்வில் வையுங்கள். நேராக ஒரு முறை, இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை, குனிந்து ஒரு முறை.

எந்த வெளிச்சத்துல பார்த்தா உண்மை தெரியும்?

பகல் வெளிச்சம், நிழலில், வானம் தெரிகிற பக்கம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கதவு செலவானது. பச்சை கலந்த ஒரு சாம்பல் நிறம், சாயங்காலம் டியூப் லைட்டின் கீழ் கார்டை வைத்தேன். எங்கே கார்டு, எங்கே வண்டி என்று தெரியவில்லை. அடித்து முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் கதவு மட்டும் லேசாகச் செம்மண் தடவியது போல நிற்கிறது.

இரண்டு நிறம் வேறு வேறு நிறமிகளால் ஆனதாக இருந்தால் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியும். மெட்டாமெரிசம் என்பார்கள். நான் கலந்ததில் இருந்த நிறமி ஒன்று பழைய பெயிண்டில் இல்லை, அவ்வளவுதான் கதை. அன்றிலிருந்து குறைந்தது இரண்டு வெளிச்சத்திலாவது பார்க்காமல் கன்னைத் தொடுவதில்லை. மினுங்கும் துகள் கலந்த மெட்டாலிக் நிறமாக இருந்தால் மூன்றாவதாக நேர் வெயிலிலும் பார்க்க வேண்டும். துகள்கள் அங்கேதான் உயிர் பெறும். இன்னொன்று, முறைத்துப் பார்க்காதீர்கள். முதல் ஐந்து வினாடியில் கண் சொல்வதுதான் தீர்ப்பு. அதற்குமேல் பார்த்தால் கண்ணே சமாதானம் ஆகிவிடும்.

வெள்ளி கலருக்கு மட்டும் ஏன் எல்லாரும் இவ்வளவு பயப்படுறாங்க?

வெள்ளி, சாம்பல் மெட்டாலிக், இளநீல மெட்டாலிக் எல்லாமே இந்தக் கூட்டம்தான். இவற்றின் நிறம் டின்னில் பாதிதான் இருக்கிறது, மீதி கன் பிடிக்கிற கையில் இருக்கிறது.

மெட்டாலிக் பெயிண்டுக்குள் மிதப்பவை அலுமினியச் செதில்கள், பொடிப்பொடிக் கண்ணாடிகள் மாதிரி. அவை தட்டையாகப் படுத்துக்கொண்டால் நேராகப் பார்க்கும்போது வெளிச்சம் கண்ணுக்கே திரும்பும், நிறம் வெளிறித் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பாக இருக்கும். செதில்கள் குத்துக்கும் கோணலுமாக நின்றால் நேர் எதிர்: நேராகப் பார்த்தால் கறுப்பு, பக்கவாட்டில் வெளிறல். இப்படிக் கோணத்துக்குக் கோணம் மாறுவதை ஃப்ளாப் என்பார்கள். மயில் கழுத்தைப் பார்ப்பது போல, நின்ற இடத்தைப் பொறுத்து நிறம்.

செதில் படுப்பதும் நிற்பதும் பெயிண்ட் எவ்வளவு ஈரமாக விழுகிறது என்பதில் இருக்கிறது. ஈரமாக, கனமாக விழுந்தால் செதில் உள்ளே இறங்கிப் புரள நேரம் கிடைக்கிறது, நேர்ப்பார்வை கறுக்கும். உலர்ந்த தூறலாக விழுந்தால் விழுந்த வாக்கில் தட்டையாகப் படிந்துவிடும், வெளிறும். கன்னைத் தள்ளிப் பிடித்தால், காற்றழுத்தத்தைக் கூட்டினால், கையை வேகமாக ஓட்டினால், சீக்கிரம் ஆவியாகும் தின்னர் ஊற்றினால், அறை சூடாக இருந்தால் வெளிறும். கிட்டே பிடித்தால், மெதுவாக ஓட்டினால், மெதுவாகக் காயும் தின்னர் போட்டால் கறுக்கும். ஒரே டின், ஒரே பெயிண்டர், காலையில் அடித்த ஃபெண்டரும் உச்சி வெயிலில் அடித்த கதவும் சேராமல் போவது இதனால்தான். வண்டிக்கு அடிக்கப்போகிறவரே கார்டையும் அடிக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். நான் அடித்த கார்டு உங்கள் கைக்குச் சாட்சி சொல்லாது.

அடிபட்டது ஒரு கதவு. பக்கத்துக் கதவுக்கும் ஃபெண்டருக்கும் சேர்த்து அடிக்கணும்ங்கறாங்க. இது காசு பிடுங்கற வேலைதானே?

கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கோபம்தான். ஆனாலும் பதில்: இல்லை.

முந்தைய பதிலைப் படித்தவர்களுக்கு நூற்றுக்கு நூறு சேர்ந்த மெட்டாலிக் என்பது ஏறக்குறைய அதிர்ஷ்டம் என்று புரிந்திருக்கும். ஆனால் கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு நிறம் கோடு கிழித்த மாதிரிச் சந்தித்தால் அரை இம்மி வித்தியாசத்தையும் பிடித்துவிடும். அதே வித்தியாசம் இரண்டு முழ நீளத்தில் மெல்ல மெல்லக் கரைந்தால் கண்டுபிடிக்காது. பிளெண்ட் அடிப்பது என்பது இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது. புது நிறம் சரிசெய்த கதவை முழுக்க மூடும். முன்னால் ஃபெண்டரிலும் பின்னால் அடுத்த கதவிலும் பாதி தூரம் வரை போய்ப் புகை மாதிரி மறையும். அதன்பின் மூன்று பேனலுக்கும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை கிளியர்.

கிட்டே நின்று பார்த்தால் வேலை இப்படி நடக்கும். பக்கத்துப் பேனலை 800 அல்லது 1000 நம்பர் உப்புத்தாளில் மேலோட்டமாக மங்கடித்திருப்பார்கள், பழைய நிறம் அப்படியே இருக்கும். நிறமில்லாத பிளெண்டிங் திரவத்தை அதன்மேல் ஈரமாக ஒரு கோட்டிங் விடுவார்கள். அந்த ஈரம் இருந்தால்தான் ஓரத்தில் விழும் தூறல் செதில்கள் ஒழுங்காகப் படுக்கும். இல்லாவிட்டால் நிறம் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். முதல் கோட்டிங் கதவோடு நிற்கும், இரண்டாவது ஒரு சாண் தாண்டும், மூன்றாவது இன்னும் ஒரு சாண். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் மணிக்கட்டை வெளிப்பக்கம் சுழற்றி டிரிக்கரை மெல்ல விடுவார்கள். பேனல் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள், அது பிளெண்ட் இல்லை.

அப்போ கிளியரையும் அப்படியே பாதியில கரைச்சு நிறுத்திடலாமே?

முடியும், செய்யாதீர்கள். நிறத்தின் ஓரம் கிளியருக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. கிளியரின் ஓரத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அதைத் தின்னரால் கரைத்து பாலிஷ் போட்டால் அன்றைக்குத் தெரியாது. அந்த மெல்லிய விளிம்பு வெயிலிலும் கழுவலிலும் தேய்ந்து சில வருஷத்தில் செதில் செதிலாகத் தூக்கும். பேனலின் இடைவெளி, மோல்டிங், ரப்பர் என்று இயல்பாக முடியும் இடம் வரை கிளியரை கொண்டுபோக வேண்டும். பின் ஃபெண்டரும் கூரையும் இடைவெளியே இல்லாமல் ஒன்றாக ஓடும் வண்டிகளில் மட்டும் வேறு வழியிருக்காது. அங்கே தூண் எங்கே குறுகலோ அங்கே முடிப்பார்கள்.

சாலிட் கலருக்கும் பிளெண்ட் தேவையா?

பல நேரம் தேவைப்படாது. செதில் இல்லாததால் கன் பிடிக்கும் விதம் அவ்வளவாக விளையாடாது. கார்டு நன்றாகச் சேர்ந்தால் பேனல் இடைவெளியிலேயே நிறுத்தலாம். கறுப்பு சுலபம், ஆனால் சில கறுப்புகளுக்குள் நீல முத்துத் துகள் ஒளிந்திருக்கும், வெயிலில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வெள்ளை எளிது போலத் தோன்றி ஏமாற்றும். சிவப்பு பழசானால் நிச்சயம் பிளெண்ட்.

பம்பர் மட்டும் எப்பவும் வேற கலராவே தெரியுதே?

ஷோரூமிலிருந்து வந்த புது வண்டியிலும் பாருங்கள், பலவற்றில் அப்படித்தான். இரும்பு உடலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். பிளாஸ்டிக் அந்தச் சூட்டுக்கு வளைந்துவிடும், அதனால் பம்பருக்குப் பெரும்பாலும் தனி இடத்தில், 80 டிகிரியை ஒட்டிய சூட்டில், தனிப் பெயிண்ட். போதாததற்கு பம்பர் வளைவும் சாய்வும் ஃபெண்டரோடு ஒத்துப்போகாது, ஃப்ளாப் தன் வேலையைக் காட்டும்.

அதனால் வேலைக்கு விடும் முன்பே அடிபடாத பம்பரும் அதன் பக்கத்து ஃபெண்டரும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற வித்தியாசம் இங்கேயும் இருந்தால் வேலை சரி. அதைவிட அதிகமாக இருந்தால் கேளுங்கள்.

பேர்ல் வெள்ளை, மூணு லேயர் சிவப்பு எல்லாம் பகுதியா அடிக்கவே முடியாதாமே?

முடியும், ஆனால் வேலை இரட்டிப்பு. அடிநிறத்தின் மேல் வரும் நடு அடுக்கு பாதி ஒளி ஊடுருவுவது. அதை எத்தனை கோட்டிங் போடுகிறோமோ அத்தனைக்கு நிறம் நகரும். மஸ்தாவின் 46வி சிவப்பில் ஒரு கோட்டிங் கூடினால் ரத்தச் சிவப்பு மாதுளைக்குப் போய்விடும்.

இதற்கு ஒரே கார்டு போதாது, படிக்கட்டு கார்டு வேண்டும். நீள அட்டையில் அடிநிறத்தை முழுக்க அடித்து, காகிதத்தால் மறைத்து மறைத்து நடு அடுக்கை முதல் பட்டையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போய், மொத்தத்துக்கும் கிளியர் போட வேண்டும். காய்ந்ததும் வண்டிமேல் நகர்த்தினால் எந்தப் படி சேர்கிறது என்று அதுவே சொல்லும். பிளெண்ட் செய்யும்போது அடிநிறம் ஒரு இடத்தில் நிற்கும், நடு அடுக்கு அதைத் தாண்டிப் போகும், கிளியர் இன்னும் தாண்டும். இடம் நிறைய வேண்டும் என்பதால் பக்கத்துப் பேனல்களைத் தொடாமல் இதைச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரைமர் எந்த கலரா இருந்தா என்ன, மேலதான் மூடிடுதே?

எல்லாப் பெயிண்டும் ஒரே மாதிரி மூடாது. சிவப்பு, மஞ்சள், சில நீலங்களில் கீழே இருப்பது கசிந்து தெரியும். பட்டி போட்ட இடத்தில் வெளிர் பிரைமர், சுற்றிலும் பழைய கறுத்த நிறம் என்றிருந்தால் மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் வெயிலில் ஒரு திட்டு தெரியும். ஃபார்முலாவிலேயே எந்த அளவு சாம்பல் பிரைமர் என்று சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்ன ஸ்டிக்கரை டெஸ்ட் கார்டில் ஒட்டி அடித்தால் கட்டம் எத்தனையாவது கோட்டிங்கில் மறைகிறது என்று தெரிந்துவிடும். வண்டிக்கும் அத்தனை.

கலர் பார்க்கற மெஷின் வந்துடுச்சே, அது சொன்னா தப்பாகாதுல்ல?

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் நல்ல கருவி. பேனலில் வைத்து அழுத்தினால் பல கோணங்களில் நிறத்தை அளந்து, கையிலிருக்கும் ஃபார்முலாக்களில் எது நெருக்கம் என்று சொல்லும். வேரியன்ட் தேடும் வேலையைப் பாதியாக்கும். ஆனால் அழுக்குமேல் வைத்தால் அழுக்கை அளக்கும், பாலிஷ் போட்ட தட்டையான இடத்தில் மூன்று நான்கு முறை வைக்க வேண்டும். அது கன் பிடிக்காது. கார்டு அடித்துப் பார்ப்பதை அது ரத்து செய்யவில்லை.

போனில் எடுத்த போட்டோவை வைத்துக் கலர் சொல்லச் சொல்பவர்களுக்கு: போன் ஒவ்வொரு போட்டோவிலும் வெள்ளையைத் தன் இஷ்டத்துக்குத் திருத்துகிறது. கலர் கோடைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், வண்டியை வேண்டாம்.

கொஞ்சமா நீலம் விட்டா சரியாயிடும்னு தோணுது. நானே விடலாமா?

விடலாம், மூன்று நிபந்தனை. முழு டின்னில் விடாதீர்கள், 100 கிராம் தனியாக எடுத்து அதில் விடுங்கள். தராசில் வைத்து, எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதுங்கள். ஃபார்முலாவில் ஏற்கனவே இருக்கும் டின்ட்டை (கலக்கச் சேர்க்கும் மூல நிறத்தை) மட்டும் கூட்டுங்கள். வெளியாள் ஒருவரை உள்ளே விட்டால் முன்பு சொன்ன மெட்டாமெரிசம் வந்து உட்காரும். மெட்டாலிக்கை வெளிறச் செய்ய வெள்ளை ஊற்றுவது எல்லோரும் செய்யும் தப்பு. பக்கவாட்டுப் பார்வை பால் கலந்த மாதிரி ஆகிவிடும், பிறகு திரும்பி வர வழியில்லை.

டின்ட் தொடுவதற்கு முன் கன்னைத் தொடுங்கள். ஈரமாகவும் உலர்வாகவும் இரண்டு கார்டு அடித்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். அப்புறம், டின்னை முதலில் நன்றாகக் கலக்கினீர்களா? செதில் அடியில் தங்கிய டின்னோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

டச்சப் பேனாவும் ஸ்ப்ரே டப்பாவும் போதுமா?

கல் பட்டுத் தெறித்த புள்ளிக்குப் பேனா போதும். துருவைத் தடுக்கும், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும், அது பேனாவின் தப்பு இல்லை. ஒரே சொட்டாக நிரப்பாமல் மெல்ல மெல்ல இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

டப்பாவில் அழுத்தமும் விசிறியும் நம் கையில் இல்லை, அதனால் செதில் எப்படிப் படுக்கும் என்பதும் நம் கையில் இல்லை. சாலிட் நிறத்தில், பம்பரின் கீழ் ஓரம் மாதிரி இடங்களுக்குச் சரி. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த கிளியர் டப்பா வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கும். தூசுக்குப் போடும் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. தகுந்த பாதுகாப்பு இல்லையென்றால் அந்த வேலையை வெளியே கொடுங்கள்.

இப்ப வித்தியாசமா இருக்கு, வெயில்ல ஓட ஓட சேர்ந்துடும்னு பெயிண்டர் சொல்றாரு. நிஜமா?

சேராது. கிளியர் இறுகும்போது பளபளப்பு கொஞ்சம் அடங்கும், அதற்குக் கீழே இருக்கும் நிறம் ஓடிப்போய்ப் பழையதோடு சேர்ந்துகொள்ளாது. ஒரு நாள் காய்ந்த பிறகும் வித்தியாசம் இருந்தால் அது வித்தியாசம்தான்.

கலர் சரியாத்தான் இருக்கு. ஆனா ஏதோ உறுத்துது, என்னன்னு சொல்லத் தெரியலை.

பெரும்பாலும் மேற்பரப்பு. டியூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பழைய கதவிலும் புதுக் கதவிலும் பாருங்கள். கம்பெனி பெயிண்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான நெளிவு இருக்கும், விளக்கின் ஓரம் நெளிந்து தெரியும். புதுக் கதவில் அது கண்ணாடி மாதிரி நேராகத் தெரிந்தாலோ, அதிகமாக நெளிந்தாலோ நிறமே வேறு என்று கண் நினைத்துக்கொள்ளும். நெளிவு அதிகமானால் 2000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டு இழுத்துப் பாலிஷ் போடலாம். ஆர்வக்கோளாறில் மொத்தமாகத் தட்டையாக்கிவிட்டால் அந்தக் கதவு மட்டும் அதிகமாக மினுக்கிக்கொண்டு நிற்கும். பழையதின் நெளிவு எவ்வளவோ அந்த அளவோடு நிறுத்த வேண்டும், அதற்குக் கொஞ்சம் மனக்கட்டுப்பாடு வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி. முன்னாடி யாரோ பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. கோடு உதவுமா?

முதலில் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தடிமன் மானியில் கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 250, 300 என்றால் மேலே இன்னொரு முறை அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி. அடித்த பேனலுக்குக் கலர் கோடு ஒரு குறிப்பு மட்டுமே, கருவியாலோ கார்டாலோ கண்ணுக்கு முன் இருப்பதைத்தான் பிடிக்க வேண்டும். இடது ஃபெண்டர் கம்பெனி நிறம், பின் கதவு யாரோ அடித்த நிறம், நடுவில் நம் கதவு என்று மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது எதனோடும் முழுசாகச் சேர்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவான ஒன்றை எடுத்து இரு பக்கமும் பிளெண்ட் செய்வேன்.

அதே மாடல், அதே கலர் பழைய கதவு ஒண்ணு கிடைச்சுது. பெயிண்டே வேண்டாமே?

மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கதவு வேறு வெயிலில் வேறு ஆயுள் வாழ்ந்தது. சாலிட் நிறத்தில் பாலிஷ் போட்டதும் சேர்ந்துவிட்ட கதவுகளைப் பார்த்திருக்கிறேன். மெட்டாலிக்கில் அப்படி ஒன்று வாய்த்தால் உடனே லாட்டரி சீட்டும் வாங்கலாம்.

மேட் ஃபினிஷ் வண்டிக்கும் இதே முறைதானா?

நிறத்துக்கு ஆம், கிளியருக்கு இல்லை. மேட் கிளியரை பாலிஷ் போட முடியாது, போட்டால் பளபளத்துவிடும். தூசு விழுந்தால் திருத்த வழியில்லை, பேனலையே திரும்ப அடிக்க வேண்டும். மங்கலின் அளவும் கார்டில் சேர வேண்டும் என்பதால் பொருத்த வேண்டியது இரண்டாகிவிடுகிறது.

வண்டியை எடுக்கப் போறேன். எப்படிப் பார்த்து வாங்கறது?

பகலில் போங்கள், கழுவித் துடைத்த வண்டியைக் கேளுங்கள். பத்தடி தள்ளி நின்று வண்டியை ஒரு சுற்று சுற்றுங்கள், நிற்காமல் நடந்துகொண்டே. எந்தப் பேனலுக்கு வேலை நடந்தது என்று தெரியாதவர் ஒருவரை அழைத்துப்போய் "எது புதுசு?" என்று கேட்பது இன்னும் நல்ல சோதனை. அவர் யோசித்தால் வாங்கிக்கொள்ளலாம். ஃபெண்டர் ஓரத்தில் மூக்கை வைத்துத் தேடினால் எந்த வேலையிலும் ஏதாவது கிடைக்கும்.

கிளம்பும் முன் டெஸ்ட் கார்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் கலர் கோடு, வேரியன்ட், டின்ட் எதையாவது கூட்டியிருந்தால் அதன் கிராம், எத்தனை கோட்டிங், எந்த பிரைமர் என்று எழுதச் சொல்லுங்கள். டாஷ்போர்டு பெட்டிக்குள், வெயில் படாத இடத்தில் கிடக்கட்டும். அடுத்த உரசலுக்கு வேறு பெயிண்டரிடம் போனால் முதலில் அதை எடுத்து நீட்டுங்கள்.